கலப்படம் கண்டால் காசு வாபஸ்

டெலிபோன் அலறியது.

சிவலிங்கம் எடுக்கவில்லை. என்ன செய்தி வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

மறுபடி அலறியது.

"என்னங்க, காது கேக்கலையா? போன் அடிக்குதே." அடுப்படியிலிருந்து அவன் மனைவி கமலாட்சி குரல் கொடுத்தாள்.

"நீயே எடு."

"கையெல்லாம் மாவு. எடுங்களேன்."

எடுத்தான்.

"சின்ன முதலாளி..." செபஸ்தியனின் குரல். கொக்கு மார்க் மில்லின் மேனேஜர். சிவலிங்கத்தின் அப்பாவோடு சேர்ந்தே நரைத்த மனிதர். "சின்ன முதலாளி... ஐயா போயிட்டாருங்க."

"என்ன சொல்றீங்க செபஸ்தியன்?"

"துண்டு மெஷின்ல மாட்டி... கழுத்த இறுக்கிருச்சுங்க. நான் டீ வாங்கப் போயிருந்தேன். மழ வேற. வந்து பாத்தா..." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

"இந்தா வாரேன்."

ரிசீவரை வைத்தான். வசனம் நன்றாகவே வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஆயிற்றே. 

வைத்த கையைப் பார்த்தான்.

விரல் நுனியில் சிவப்பு.

ரத்தம்!

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். குங்குமம். வெறும் குங்குமம். போன உயிர் திரும்பி வந்தது.

"யாரு போன்ல?" கமலாட்சி மாவுக் கையோடு வந்து நின்றாள். "என்னங்க இது... சாப்பிட்டு, கை கழுவி, எவ்வளவு நேரமாச்சு. இன்னும் விரல்ல குங்குமம்?"

"அப்பா போயிட்டாரு" என்றான். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

*

கொக்கு மார்க் மிளகாய்த்தூள் என்றால் இலங்கை மலையகத்து மாத்தளையில் தெரியாத ஆள் கிடையாது. இது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கதை. 'கிடையாது' என்பது அதற்கும் பத்து வருஷம் முந்திய கதை.

சிவலிங்கத்தின் அப்பா முத்துவீரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். உரலில் இடித்த மிளகாய்த்தூளைச் சாக்கில் கட்டி, தலையில் சுமந்துபோய் யட்டவத்த சந்தையில் விற்றார். அப்புறம் மில். அப்புறம் வேன். வேனுக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி. வில்கமுவைக்கு பஸ் வராத நாளிலும் கொக்கு மார்க் வேன் வரும். லக்கலைப் பாதையில் யானை நின்றால் வேன் காத்து நிற்கும். பாதியில் திரும்பி மட்டும் வராது.

பாக்கெட்டிலும் மில் சுவரிலும் ஒரே வாசகம். 'கலப்படம் கண்டால் காசு வாபஸ்.' ஒருத்தர்கூட வந்து காசு கேட்டதில்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கடைக்கும் மில்லுக்கும் நெருப்பு வைத்தார்கள். கிழவர் அழவில்லை. கரிந்த மெஷினைத் தட்டிக்கொட்டி நிமிர்த்தினார். மறுபடி ஓடவிட்டார். அன்றிலிருந்து சுவிட்சைப் போட்டதும் அந்த மெஷின் ஒரு தரம் இருமும். இருமிவிட்டுத்தான் ஓடும்.

நெருப்புக்குச் சாகாத கொக்கு, சின்னச் சின்ன பாக்கெட்டுக்குச் செத்தது. கொழும்புக் கம்பெனிக்காரன் டிவியில் ஆடிப் பாடித் தூள் விற்றான். பெட்டிக்கடைதோறும் சரம் சரமாகத் தொங்கவிட்டான். ஒரு நாள் கறிக்கு ஒரு பாக்கெட். தோட்டத்துச் சனத்துக்கு அதுதானே தோது.

சிவலிங்கம் சும்மா இருந்தானா? இருந்திருந்தால் தேவலை! வீட்டை பேங்கில் வைத்து, பழைய கடையை இடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு, சூப்பர் மார்க்கெட் ஆக்கினான். சனங்கள் வந்தார்கள். கண்ணாடிக் கதவைப் பார்த்து மிரண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். யாரிடம் விலை கேட்பது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான். திரும்பி வரவில்லை.

இப்போது வீடு ஏலத்துக்கு நின்றது. ஒரே ஒரு வழி மிச்சம். கொழும்புக் கம்பெனி கொக்கு மார்க்கின் பெயரை மட்டும் விலைக்குக் கேட்டது. தூள் அவர்களுடையது, கொக்கு இவர்களுடையது. கிழவர் கையெழுத்துப் போட்டால் வீடு தப்பும். போடாவிட்டால் கமலாட்சியும் பிள்ளைகளும் தெருவில்.

கிழவர் போட மாட்டேன் என்றார்.

*

அன்று ஆயுத பூஜை.

காலையிலேயே மில்லைக் கழுவித் துடைத்து, மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சந்தனம் குழைப்பது கிழவர். பொட்டு வைப்பது சிவலிங்கம். அவன் மூக்கு ஒழுகிய வயதிலிருந்து அப்படித்தான். சூடம் காட்டியபின் வேலையாட்கள் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இனி மறுநாள் காலை சூடம் காட்டும் வரை மெஷினை யாரும் தொடக்கூடாது. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் மில்லில் ஆள் இருக்காது.

அதனால்தான் சிவலிங்கம் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். கொலை செய்ய இல்லை... கெஞ்ச! வேலையாள் முன்னால் கெஞ்ச வெட்கம்.

சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக வந்தான். தன் சாவியால் திறந்தான். கிழவர் மெஷின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, கடைசித் தடவையா கேக்குறேன். போட்டுக் குடுங்க."

"என் கொக்கு அவன் குப்பையில நிக்காது."

"வீடு போவுது அப்பா."

"கண்ணாடிக் கதவு போடுறப்ப என்னையக் கேட்டியா? தோட்டத்துச் சனத்தை வாசல்ல செருப்பக் கழட்ட வச்ச பய நீ. போடா."

"பிள்ளைகள எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"லயத்துல வையி. நான் அங்கதான் பொறந்தேன்."

சிவலிங்கத்துக்குக் கண் இருண்டது. தள்ளிவிட்டான்.

ஒரே ஒரு தள்ளு. கிழவர் மல்லாந்தார். மெஷினின் இரும்புக் காலில் பின்மண்டை மோதியது. அசையவில்லை.

"அப்பா... அப்பா..."

நெஞ்சில் காதை வைத்தான். தகரத்தில் மழை இரைந்ததுதான் கேட்டது. இதயம் கேட்கவில்லை.

செத்துவிட்டார். கொன்றுவிட்டோம். தூக்குமேடை, கமலாட்சி, பிள்ளைகள் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து போனது. அடுத்த நொடியில் யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை!

கிழவரை இழுத்துச் சுழலும் தண்டின் அருகே போட்டான். அவர் கழுத்துத் துண்டின் ஒரு முனையைத் தண்டில் சுற்றினான். சுவிட்சைப் போட்டான்.

மெஷின் இருமியது. ஓடியது.

உள்ளே ஒட்டியிருந்த பழைய மிளகாய்த்தூள் புகையாகக் கிளம்பியது. மறுபடியும் இருமல் சத்தம். 'சனியன் பிடிச்ச மெஷின்' என்று நினைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தினான். துண்டு இறுகும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சுவிட்சை நிறுத்தினான்.

துண்டின் முனை பக்கத்துச் சக்கரத்தில் அடித்து அடித்து, அதில் காலையில் வைத்த பொட்டு இழுபட்டுப் போயிருந்தது. பூஜை போட்ட மெஷின்! உடம்பு சிலிர்த்தது. சந்தனக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, பொட்டு வைத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதையெல்லாம் அவன் யோசித்துச் செய்யவில்லை.

வந்த வழியே போனான்.

*

சப்-இன்ஸ்பெக்டர் ஸஹாப்தீன் குடையை மடக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்தார். வந்ததும் தும்மினார். தமிழ் ஆட்களின் கேஸ் என்றால் பெரிய இன்ஸ்பெக்டர் இவரைத்தான் அனுப்புவார். ஸ்டேஷனில் தமிழ் பேசத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அவர் தமிழில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'சொல்லு' என்பது 'செல்லு'.

உடலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். தரையில் உடைந்து கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டீ கிளாஸ் ஐயா" என்றார் செபஸ்தியன். "அந்தச் சிங்கள நோனா டீக்கடையில வாங்கிட்டு வந்தேன். இதப் பாத்ததும் கைய விட்டுட்டேன்."

"கடைசியா முதலாளிய எப்ப பாத்தீங்க?"

"டீ வாங்கப் போறப்ப. நல்லா சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாரு."

ஸஹாப்தீன் சிவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "முதலாளி, ஒரு சின்ன சந்தேகம். தப்பா நினைக்க வாணாம். எங்கட உம்மா றாபியா இஞ்சதான் மிளகா காம்பு கிள்ளினா. ஆயுத பூஜைக்குப் பொரி கொண்டு வந்து தருவா. அடுத்த நாள் காலையிலதான் மெஷின் ஓடும்னு செல்லுவா. அப்ப இண்டைக்கு ஏன் ஓடினது?"

சிவலிங்கத்துக்கு இது எப்படி மறந்துபோனது? கிழவர் தலையை வெட்டினாலும் பூஜையன்று சுவிட்சைத் தொட மாட்டார். ஊருக்கே தெரியும்.

"வயசாயிருச்சு... மறந்து போட்டிருப்பாரு."

"வாழைக்கன்று கண்ணுக்கு முன்னால நிக்கிதே. மறக்குமா?"

பதில் வேண்டும். உடனே வேண்டும். கண்ணெதிரே அழுத முகத்தோடு செபஸ்தியன் நின்றிருந்தார்.

"அப்பா போட்டிருக்க மாட்டாரு சார்" என்றான் சிவலிங்கம். "செபஸ்தியன் வேதக்காரரு. பூஜை, சாங்கியம் எல்லாம் அவருக்கு என்ன தெரியும்? அவருதான் போட்டுப் பாத்திருப்பாரு."

செபஸ்தியன் நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன முதலாளி... நானா?"

"வேற யாரு இருந்தா? முன்வாசல் சாவி உங்க கிட்டதானே."

செபஸ்தியன் வாய் திறந்தார். மூடினார். எண்பத்து மூன்றில் சிவலிங்கத்தைச் சாக்குகளுக்கு நடுவில் ஒளித்துவைத்துக்கொண்டு, தெருவில் நின்றவர்களிடம் 'உள்ள யாரும் இல்ல' என்று சிங்களத்தில் பொய் சொன்ன வாய் அது.

"சரி, ஸ்டேஷன் வரைக்கும் வாங்க" என்றார் ஸஹாப்தீன். "ஒரு வாக்குமூலம் எடுக்கோணும்."

அந்த வருஷங்களில் தமிழன் ஒருவன் ஸ்டேஷனுக்குள் போவது சுலபம். திரும்பி வருவதைப் பற்றி யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஜீப் போன பிறகு சிவலிங்கம் பொரி இறைந்து கிடந்த தரையில் உட்கார்ந்தான். இப்படியும் ஒரு பிறவியா நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் எழுந்து போய் ஜீப்பை நிறுத்தவில்லை.

வீட்டில் கமலாட்சி விடவில்லை.

"செபஸ்தியன் அண்ணனைப் போய்... எப்படிங்க மனசு வந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? போலீஸ் பாத்துக்கும்."

"நீங்க எங்க போயிருந்தீங்க? சாப்பிட்ட கையோட வெளிய போனீங்களே."

"பேங்க் மேனேஜரைப் பாக்க."

"அவரு லீவுல ஊருக்குப் போயிட்டாருன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

அவன் திரும்பிக்கொண்டு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

*

மறுநாள் காலை. மெஷின் ஓட வேண்டிய நேரம்.

"மில்லுக்கு ஒருக்கா வாங்க முதலாளி" என்று ஆள் அனுப்பியிருந்தார் ஸஹாப்தீன்.

போனான். உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது. வாழைக்கன்று வாடி நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் ஸஹாப்தீன் நின்றார். அவருக்குப் பின்னால் செபஸ்தியன். விலங்கு இல்லை. கையில் ஜெபமாலைதான் இருந்தது.

"இவர விட்டுட்டீங்களா சார்?"

"பிடிச்சாத்தானே விட? இந்தச் சக்கரத்தக் கொஞ்சம் பாருங்க. இதுதானே நேத்து சுத்தினது?"

"ஆமா."

"தண்டுல சுத்தின துண்டு எங்கட கையில ஈக்கி. அந்த முனை பூரா சந்தனம், குங்குமம். சக்கரத்துல அடிபட்டு அடிபட்டு ஒட்டினது. அப்ப சக்கரத்துல பொட்டு அழிஞ்சி ஈக்கோணும். இல்லையா?"

சிவலிங்கம் சக்கரத்தைப் பார்த்தான்.

வட்டமாக, வடிவாக, சந்தனத்தின் நடுவில் சிவப்பாக இருந்தது பொட்டு. அதன் ஓரத்தில், பழைய பொட்டு இழுபட்ட கோடு.

"மெஷின் நிண்ட பொறகு யாரோ புதுசா வச்சீக்கிறாங்க" என்றார் ஸஹாப்தீன். குரல் உயரவே இல்லை. "ஒரு மனிசன் கழுத்து நெரிஞ்சி கெடக்கிறாரு. பக்கத்துல நிண்டு பொட்டு வைக்கிறது யாரு? நான் வைக்க மாட்டேன். இவரும் வைக்க மாட்டாரு. ராத்திரி இவர்ட கேட்டேன், பூஜைக்கு யாரு என்ன செய்யிறதுண்டு. பாவம், எதுக்குக் கேக்கிறேன்டு தெரியாமலே சென்னாரு. 'நான் வாசப்படியில நிண்டு பாப்பேன். பொட்டு வைக்கிறது எப்பவும் சின்ன முதலாளிதான்.'"

"அது... காலையில வச்சது சார்..."

"காலையில வச்சது துண்டுல ஈக்கி."

மழை இல்லை. கூரையில் சத்தம் இல்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது சிவலிங்கத்துக்கே கேட்டது.

"இன்னொண்டு. நோனா கடையில இவரு வாங்கினது மூணு டீ. ரெண்டு மனிசருக்கு மூணு டீ ஏன்? ஆரோ வரப் போறாங்கண்டு தெரிஞ்சிதான்."

சிவலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான் கொல்லல சார்."

"செல்லுங்க."

"தள்ளினேன். கோவத்துல ஒரு தள்ளு. மண்டையில அடிபட்டு அந்த எடத்துலயே போயிட்டாரு. சத்தியமா கொல்லணும்னு இல்ல. பயத்துல... செத்த ஒடம்பத்தான் சார் மெஷின்ல மாட்டினேன். பிள்ளைகளை நெனச்சு. இது கொலை இல்லைங்க. கை தவறிப்போச்சு. அவ்வளவுதான். நீங்க அப்படி எழுதுங்க."

ஸஹாப்தீன் தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தார்.

"அப்படி எழுத எனக்கும் ஆசைதான் முதலாளி. ஆனா டொக்டர் விட மாட்டேங்கிறாரு."

"என்ன சார்?"

"மண்டைக் காயம் மேலோட்டமாம். மயக்கம்தான் போட்டீக்கிறாரு. காலையில மில்லு கழுவித் தொடச்சது. தூள் கெளம்பினது மெஷின் ஓடின பொறகு. டொக்டர் மூச்சுக் குழாயத் திறந்து பாத்தீக்கிறாரு. உள்ளுக்குப் பூரா மிளகாத்தூள். செத்தவரு மூச்சு இழுக்க மாட்டாரு."

சிவலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

அந்த இருமல்.

முதலாவது மெஷின் இருமியது. இரண்டாவது... மெஷின் ஒரு தரம்தான் இருமும். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரியும். ஒரு தரம்தான்.

"ஐயோ... அப்பா..."

தலையிலடித்துக்கொண்டு அழுதான். அடித்த கையைப் பிடித்து நிறுத்தியவர் செபஸ்தியன்தான்.

"ஏன் சின்ன முதலாளி இப்படி அவசரப்பட்டீங்க?" செபஸ்தியன் குரலில் கோபமே இல்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. "ஐயாவ ஒங்களுக்குத் தெரியாதா? எதுக்குமே மொதல்ல முடியாதுன்னுதானே சொல்லுவாரு. வேன் வாங்கவும் அப்படித்தான். ஒங்க கல்யாணத்துக்கும் அப்படித்தான். டீ வாங்கப் போறப்ப என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'சாப்புட்டு நேரா இங்க வருவான் பாரு. நான் ரெண்டு சத்தம் போடுவேன். நீ டீயக் கொண்டா. குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன், பிள்ளைக பாவம்'னாரு. நோனா கடையில மழைக்குக் கொஞ்சம் ஒதுங்கி நின்னுட்டேன். நான்தான் நேரத்தோட வரல."

சிவலிங்கத்தால் அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

ஸஹாப்தீன் மில் சுவரைப் பார்த்தார். கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதன் கீழே, கிழவர் கையாலேயே எழுதிய பெரிய எழுத்து. வாய்விட்டு வாசித்தார்.

"கலப்படம் கண்டால் காசு வாபஸ்."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"விபத்துல கொலையக் கலந்தீங்க. கண்டுபிடிச்சாச்சி. காசு வாணாம் முதலாளி... வாக்குமூலத்தத் தந்தாப் போதும்."